அலறலைக் கழித்தால் என்ன மிஞ்சும்?

1964 ஆகஸ்டு 23. லாஸ் ஏஞ்சல்ஸில், ஏறத்தாழ 17,000 பேர் உட்காரக்கூடிய ஹாலிவுட் பவுல் திறந்தவெளி அரங்கில் பீட்டில்ஸ் பாடுகிறார்கள். கேப்பிடல் நிறுவனம் அதை மூன்று தட நாடாவில் பதிவு செய்கிறது. நேரலை இசைத்தட்டாகக் கொண்டுவருவதுதான் திட்டம். வரவில்லை. 1965 ஆகஸ்டில் அதே அரங்கில் மேலும் இரண்டு இரவுகள் பதிவானது. அதுவும் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தது. தட்டு கடைக்கு வந்தது 1977 மே மாதம்தான்.

ஏன் என்றால் 'தரம்' என்பார்கள். ரசிகைகளின் அலறலில் பாட்டே அமுங்கிவிட்டதாம்.

சரி, 1977இல் மட்டும் அந்த அலறல் எங்கே போனது? அதே நாடா, அதே சத்தம். பழைய இயந்திரம் சூடாகிறது என்று வேக்குவம் கிளீனரால் குளிர்காற்று அடித்துக்கொண்டே ஜார்ஜ் மார்ட்டின் வேலையை முடித்தார். உண்மையில் மாறியது ஒன்றுதான். குழு கலைந்துவிட்டது, இனி புதுத் தட்டு வராது. உடனே குப்பை பொக்கிஷமாகிவிட்டது. பிரிட்டனில் முதலிடம் வேறு!

'கலைஞனுக்குத் தன் படைப்பை நிறுத்திவைக்க உரிமை இல்லையா?' என்று கேட்பீர்கள். ஸ்டூடியோவில் செய்ததற்குத் தாராளமாக உண்டு. கச்சேரியில் பாதி, வந்தவர்களுடையது. அன்றைய மேடைகளில் பாடுகிறவர்களுக்குத் தங்கள் குரலே சரியாகக் கேட்காது. அந்த இரைச்சலிலும் தாளம் தப்பாமல் வாசித்தார்களே, அதுதானே அந்த ராத்திரியின் அதிசயம்! அலறலை எடுத்துவிட்டால் அதிசயம் எப்படிப் புரியும்? அதை வெறும் இடைஞ்சல் என்று ஒதுக்கியதற்குப் பின்னால், பதின்ம வயதுப் பெண்களுக்கு இசை தெரியாது என்ற பழைய இளக்காரம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

அதிகாரபூர்வக் குறுந்தட்டுக்கு இன்னும் 39 வருடம் ஆனது. 2016இல் வந்த அதில் அலறலை அடக்கிப் பாட்டை முன்னால் கொண்டுவந்திருக்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லக்கூடாது. ஆனாலும் எனக்கு 1977 தட்டுதான்.

1964இல் அங்கே நின்று கத்திய பதினான்கு வயதுப் பெண்ணுக்கு, தட்டு கைக்கு வரும்போது வயது இருபத்தேழை நெருங்கியிருக்கும். அவள் குரலும் அதில் இருக்கிறது. அதை அவளிடம் அப்போதே கொடுத்திருக்க வேண்டும்.