கோப்பையால் தொற்றாது

சகோதரிகளே, சில மாதங்களுக்கு முன் மானிப்பாயில் ஒரு வீட்டுக்குப் போனேன். விறாந்தையில் ஒரு பாய். பக்கத்தில் தனியாக ஒரு கோப்பையும் தம்ளரும். அந்த வீட்டுக் குடும்பத்தலைவர் இரத்ததான முகாமில் இரத்தம் கொடுத்திருக்கிறார். பின்னர் அவரை அழைத்து, ஹெப்பரைற்றிஸ் பி கிருமி இருப்பதாகக் கூறியுள்ளனர். காய்ச்சலில்லை, கண் மஞ்சளில்லை. ஆனாலும் அன்றிலிருந்து விறாந்தைதான் அவருக்கு வீடு.

"பிள்ளை, மருமகள் வயித்தில பிள்ளையோட இருக்கிறாள். அதுதான் எல்லாத்தையும் பிரிச்சு வைச்சனான்" என்றார் தாயார்.

"மருமகளின்ர இரத்தம் சோதிச்சனீங்களோ, அம்மா?" என்று கேட்டேன். ஒருவரும் பேசவில்லை.

நாங்கள் பயப்பட வேண்டிய இடத்தை விட்டு வேறிடத்தில் பயப்படுகிறோம். இந்தக் கிருமி கோப்பையாலோ, ஒன்றாக இருந்து சாப்பிடுவதாலோ, பிள்ளையைத் தூக்குவதாலோ தொற்றாது. இரத்தத்தாலும், உடலுறவாலும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து சேய்க்கும் தொற்றும். ஆகவே பிரித்து வைக்க வேண்டியவை சவர அலகு, பல்துலக்கி, நகவெட்டி ஆகியவையே.

இரத்த அறிக்கையில் இரண்டு சொற்களைப் பாருங்கள். மேற்பரப்பு 'அன்ரிஜன்' இருந்தால் கிருமி உடலில் உள்ளது. ஆறு மாதத்துக்கு மேலும் அது இருந்தால் நாட்பட்ட தொற்று. மேற்பரப்பு 'அன்ரிபொடி' போதியளவு இருந்தால் பாதுகாப்பு உண்டு. இரண்டும் இல்லையென்றால் தொற்றும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. அவர்களுக்குத்தான் தடுப்பூசி தேவை.

அந்தத் தங்கச்சியின் அறிக்கையில் இரண்டுமே இல்லை. கர்ப்பிணிகளும் இந்த ஊசியைப் போடலாம் என்பதால் வைத்தியர் உடனே தொடங்கினார். மூன்று ஊசியும் முடிந்து பாதுகாப்பு உறுதியாகும்வரை ஆணுறை பாவிக்கச் சொன்னார். தாய்க்கே தொற்று இருந்திருந்தால், குழந்தை பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் ஊசி போட வேண்டும். வயது வந்தபின் தொற்றுவோரில் பெரும்பாலானோருக்குக் கிருமி தானாக நீங்கிவிடும். பிறக்கும்போது தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது நாட்பட்டதாகிவிடும்.

அவர்களின் மூத்த பிள்ளைக்கு எட்டு வயது. அதன் பதிவுப் புத்தகத்தில் 2, 4, 6 மாத ஊசிகள் இருந்தன. இலங்கையில் 2003 இல் இந்தத் தடுப்பூசி அறிமுகமாகி, 2008 முதல் ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசியில் சேர்ந்தது. அதற்கு முன் பிறந்த என் போன்றோர் பலருக்கு அது கிடைக்கவில்லை.

கணவருக்கு இனி ஈரலைக் காப்பதே வேலை. வருத்தம் இல்லையென்று இருந்துவிடக் கூடாது. ஈரல் சுருங்குவதும் ஈரல் புற்றுநோயும் சத்தமின்றி வருபவை. வைத்தியர் சொல்லும் தவணைக்கு இரத்தமும் ஸ்கானும் செய்ய வேண்டும். எல்லோருக்கும் மருந்து தேவைப்படாது. தொடங்கியவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது. சாராயம் வேண்டாம். பூஞ்சணம் பிடித்த கச்சானை எறிந்துவிடுங்கள். அதிலுள்ள நஞ்சு ஈரலுக்குக் கேடு. கீழ்க்காய்நெல்லி இந்தக் கிருமியை நீக்குமென்று நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.

வைத்தியர் கிறீன் 1860களில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த ஊர் இது. இன்றும் ஆங்கிலத்தில் வரும் துண்டை விளங்காமல் மடித்து அலுமாரிக்குள் வைக்கிறோம். "இதில என்ன எழுதியிருக்கு?" என்று வைத்தியரிடமோ குடும்பநல மாதுவிடமோ கேளுங்கள். கேட்பது வெட்கமல்ல.

போன கிழமை அங்கே போனேன். பாய் உள்ளே போயிருந்தது. தாயார் மகனுக்கு எல்லோருடனும் இருத்திச் சோறு போட்டார். மருமகளின் அடுத்த ஊசித் திகதி கலண்டரில் சிவப்பு மையால் வட்டமிடப்பட்டிருந்தது.