பரணில் ஏற்றும் முன்...



உங்கள் இல்லத்து அடுக்களையைச் சற்றே நினைத்துப் பாருங்கள். அன்றாடம் கை நீட்டி எடுக்கும் மஞ்சள் தூளும் மிளகாய்த் தூளும் அடுப்புக்கு அருகிலேயே இருக்கின்றன. மாத அரிசி உள்ளறையில் இருக்கிறது. கல்யாணத்திற்கும் பெருநாளுக்கும் மட்டும் இறங்கிவரும் பிரியாணி தேக்சாவோ பரணில் கவிழ்ந்து கிடக்கிறது. தேக்சாவை அடுப்பங்கரையில் வைத்து எவரும் இடத்தை அடைத்துக்கொள்வதில்லை. மிளகாய்த் தூளைப் பரணில் வைத்துவிட்டு நாள்தோறும் ஏணி போடுவதுமில்லை. இதனை நம் உம்மாமார்களுக்கு எவரும் வகுப்பு நடத்திக் கற்பிக்கவில்லை. ஆயினும், ஆயிரக்கணக்கானோர் பணிபுரியும் பெரு நிறுவனங்கள் இதே காரியத்தில் இடறி விழுகின்றன என்றால் நம்புவீர்களா?

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, சிறு வயதில் எம்மிடம் ஓதிச் சென்ற மாணவர் ஒருவர் என்னைக் காண வந்தார். இப்பொழுது சென்னையில், பல ஊர்களில் கிளைகள் கொண்ட ஒரு வணிக நிறுவனத்தில் கணினிப் பிரிவின் பொறுப்பாளராக இருக்கிறார். முகம் வாடியிருந்தது. காரணம் கேட்டேன்.

“ஹஜ்ரத், எங்கள் கம்பெனியின் கணக்குகள், பில்கள், கடைகளின் கேமராப் பதிவுகள் எல்லாவற்றையும் சேர்த்து வைக்கும் செலவு ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போகிறது. பாதியாகக் குறைக்க வழி பார் என்றார் முதலாளி. எல்லாவற்றையும் மிகக் குறைந்த வாடகை உள்ள இடத்திற்கு மாற்றினேன். வாடகையும் குறைந்தது. ஆனால்...”

அந்த ‘ஆனால்’தான் இம்மாதக் கட்டுரை. மாற்றிய சில மாதங்களில் வரித்துறையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. ஐந்தாண்டுக் கொள்முதல் பில்கள் வேண்டுமாம். எந்தப் பெட்டியில் எது இருக்கிறது என்ற பட்டியலை எவரும் எழுதி வைக்கவில்லை. ஆகவே, அனைத்தையும் இறக்கினார்கள். இறக்குவதற்கு இரண்டு நாட்கள் ஆயின. அதற்கான கட்டணச் சீட்டு வந்தபோது, மிச்சம் பிடித்ததில் பெரும் பகுதி அதிலேயே கரைந்துவிட்டது. முதலாளி கோபத்தில் இருக்கிறார். தம்பிக்கோ வேலை நிலைக்குமா என்ற அச்சம். “துஆச் செய்யுங்கள்” என்றார். செய்தேன். கூடவே, சில கேள்விகளும் கேட்டேன்.

நான் கலைக் கல்லூரியில் வரலாறு படித்தவன். கணினியின் வயிற்றுக்குள் என்ன நிகழ்கிறதென்று அறியேன். எனினும் அவர் விளக்கியதைக் கேட்டும், பின்னர் தேடிப் படித்தும் அறிந்துகொண்டதை உங்கள் முன் வைக்கிறேன். நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் இத்தகைய பொறுப்புகளில் இருக்கின்றனர். தோல் மண்டியிலும் துணிக்கடையிலும் தொடங்கிப் பெரிய அளவில் தொழில் செய்வோரும் நம்மிடையே உண்டு.

தகவலைச் சேமிக்கும் தட்டுகள் கணினி உலகிலும் பல. மிக விரைவாக எடுத்துத் தருவது ஃபிளாஷ் வகைச் சேமிப்பு, விலை கூடுதல். அடுத்தது சுழலும் தட்டான ஹார்டு டிஸ்க். அதற்கும் கீழே காந்த நாடா. இவற்றைச் சொந்தமாக வாங்கியும் வைக்கலாம், பிறரிடம் வாடகைக்கும் பிடிக்கலாம். ‘கிளவுட்’ என்று பெரிதாகப் பேசப்படுகிறதே, அது வானத்து மேகமன்று. வேறொருவருடைய கிடங்கு, அவ்வளவுதான். அமேசான் நிறுவனம் 2006ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இத்தகைய கிடங்கைத் திறந்தபோது, ஒரு ஜிகாபைட் தகவலை ஒரு மாதம் வைத்திருக்க 15 அமெரிக்க சென்ட் வாடகை கேட்டது. இன்று அதே கிடங்கின் பொதுவான தட்டில் வாடகை ஏறத்தாழ 2.3 சென்ட். மிக ஆழத்திலுள்ள பரண் ஒன்றும் அங்கே உண்டு. 2019இல் திறக்கப்பட்ட அந்தப் பரணில் ஒரு ஜிகாபைட்டுக்கு மாதம் ஒரு சென்ட்டில் பத்தில் ஒரு பங்குதான்!

இப்பொழுது ஒரு கணக்குப் போடுவோம். ஆயிரம் ஜிகாபைட் சேர்ந்தது ஏறத்தாழ ஒரு டெராபைட். ஒரு நிறுவனத்திடம் 100 டெராபைட் இருக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க விலைப்பட்டியல்படி பொதுத் தட்டில் மாதம் சுமார் 2,300 டாலர். ஆழப் பரணில் சுமார் 100 டாலர். எந்த முதலாளிதான் மயங்கமாட்டார்? ஆனால், பரணில் இருப்பதை அங்கேயே திறந்து பார்க்க முடியாது. முதலில் இறக்க வேண்டும். 48 மணி நேரம் பொறுத்திருக்கச் சம்மதமென்றால் இறக்குகூலி சுமார் 250 டாலர். 12 மணி நேரத்தில் வேண்டுமென்றால் 2,000 டாலர். அதன்பின், இணையத்தின் வழியே கிடங்கிலிருந்து நம் அலுவலகத்திற்குக் கொண்டுவர வண்டிக்கூலி தனி. அது ஏறத்தாழ 7,800 டாலர். ஆக, பொறுமையாக இறக்கினாலும் 8,000 டாலருக்கு மேல் ஆகிறது. அந்தப் பரணுக்கு ஆறரை ஆண்டுகள் செலுத்தும் வாடகை ஒரே முறையில் போய்விடுகிறது!

பரண் ஏமாற்று வேலை என்று சொல்லவில்லை. பத்தாண்டுகளில் ஒருமுறை ஏறிப் பார்ப்பதற்கு அதனைவிடச் சிக்கனமான இடம் அரிது. வண்டிக்கூலியும் பரணுக்கு மட்டும் உரியதன்று. கிடங்கின் எந்தத் தட்டிலிருந்து வெளியே கொண்டுவந்தாலும் உண்டு. ஆனால், பொதுத் தட்டில் இருந்திருந்தால் தேடிப் பார்த்து வேண்டிய பில்களை மட்டும் எடுத்திருக்கலாம். பட்டியலில்லாமல் பரணேற்றியதால் தேக்சா ஒன்றுக்காகப் பரண் முழுவதையும் முற்றத்தில் இறக்கும்படி ஆயிற்று.

தம்பி செய்த இன்னொரு பிழையும் உண்டு. அவர்களுடைய கேமராப் பதிவுகள் 90 நாட்களுக்குப் பின் அழிக்கப்படுபவை. அவற்றையும் பரணேற்றிவிட்டார். அந்தப் பரணிலோ எதை வைத்தாலும் குறைந்தது 180 நாட்களுக்கான வாடகை கட்டியாக வேண்டும். பாதியில் அழித்தாலும் மீதி நாட்களுக்குப் பணம். ஒப்பந்தத்தில் எழுதித்தான் இருந்ததாம். படிக்கவில்லை!

ஆகவே, சேமிப்பைத் தேர்ந்தெடுப்போர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ‘வைப்பதற்கு என்ன விலை?’ என்பதன்று. ‘வைத்ததை எத்தனை முறை, எவ்வளவு எடுப்போம்?’ என்பதுதான். இதனை உணர்ந்து நடந்த இரு பெரு நிறுவனங்களின் கதை சுவையானது. ஏனெனில் ஒன்று கிடங்கிலிருந்து வெளியேறியது. மற்றொன்று ஏறத்தாழ அதே காலத்தில் அதே கிடங்கிற்குள் குடிபுகுந்தது.

வெளியேறியது டிராப்பாக்ஸ். பிறருடைய கோப்புகளைப் பாதுகாத்துத் தருவதே அதன் தொழில். அமானிதம் காப்பதே வியாபாரம் எனலாம். தொடக்கத்தில் கோப்புகளை அமேசானின் கிடங்கிலேயே வைத்திருந்தது. கோப்புகள் மலைபோல் குவிந்தபோது, ‘நம் தொழிலே இதுவாயிற்றே, பிறருக்கு ஏன் வாடகை?’ என்று எண்ணிச் சொந்தமாகக் கருவிகளை வடிவமைத்தது. 2015 அக்டோபருக்குள் தன் பயனாளர்களின் தகவல்களில் 90 விழுக்காட்டிற்கும் மேல் சொந்தக் கருவிகளுக்கு மாற்றிவிட்டு, 2016 மார்ச்சில் உலகுக்கு அறிவித்தது. ஏறத்தாழ 500 பெட்டாபைட், அதாவது ஐந்து லட்சம் டெராபைட்! 2018இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது அந்நிறுவனம் அளித்த ஆவணத்தின்படி, 2016, 2017 ஆகிய இரண்டே ஆண்டுகளில் செலவு 7.46 கோடி டாலர் குறைந்தது. எனினும் ஒரு பகுதியை அமேசானிடமே விட்டுவைத்தது என்பதையும் கவனியுங்கள்.

குடிபுகுந்தது நெட்ஃபிளிக்ஸ். 2008 ஆகஸ்டில் அதன் சொந்தக் கணினிகளில் தகவல் தளம் பழுதடைந்து, மூன்று நாட்கள் வாடிக்கையாளர்களுக்கு டி.வி.டி. அனுப்ப இயலாமல் திண்டாடியது. அப்பொழுதே வாடகைக் கிடங்கிற்கு மாற முடிவெடுத்து, ஏழாண்டுகள் உழைத்து 2016 ஜனவரியில் முடித்தது. ஆனால், அங்கும் ஒரு நுட்பம் உண்டு. திரைப்படங்கள் கோடிக்கணக்கான வீடுகளுக்கு ஓயாமல் வெளியே செல்பவை அல்லவா? அந்த வேலையை மட்டும் வாடகைக் கிடங்கிடம் விடவில்லை. தானே செய்த பெட்டிகளை ஊர் ஊராக இணையச் சேவை நிறுவனங்களிடம் வைத்து, அங்கிருந்து அனுப்புகிறது. உள்ளே அடங்கிக் கிடப்பதற்கு வாடகை இடம்; ஓயாமல் வெளியேறுவதற்குச் சொந்த வழி.

இவற்றைப் படித்துவிட்டு, ‘நாமும் சொந்தமாக வாங்கிவிடலாம்’ என்று எவரும் துள்ள வேண்டாம். வாங்கிய தட்டுகள் சில ஆண்டுகளில் தேயும். மின்சாரமும் குளிரூட்டலும் வேண்டும். நள்ளிரவில் பழுதானால் ஓடிவர ஆள் வேண்டும். டிராப்பாக்ஸுக்கு அவ்வளவு சரக்கும் இருந்தது, அதற்கேற்ற பொறியாளர்களும் இருந்தனர்.

காந்த நாடாவைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். பயான் கேசட்டுகளையும் நாகூர் ஹனிபாவின் பாடல் கேசட்டுகளையும் அலமாரியில் அடுக்கி வைத்திருந்தோமே, அந்த இனம்தான். வீட்டில் மறைந்த அது பெரு நிறுவனங்களில் மறையவில்லை, வளர்ந்திருக்கிறது. எல்.டி.ஓ. என்னும் வகை நாடா 2000ஆம் ஆண்டில் வந்தபோது ஒரு பெட்டியில் 100 ஜிகாபைட் பிடித்தது. 2021இல் வந்த ஒன்பதாம் தலைமுறைப் பெட்டி 18 டெராபைட் பிடிக்கிறது. அளவோ உள்ளங்கைக்குள் அடங்குவது! அலமாரியில் இருக்கும்வரை அதற்கு மின்சாரம் வேண்டியதில்லை. கணினியோடு இணைப்பில் இல்லாததால், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் பறிக்கும் இணையத் திருடர்களாலும் அதனைத் தொட இயலாது. 2011இல் ஒரு மென்பொருள் பிழையால் ஜிமெயில் பயனாளர்களில் 0.02 விழுக்காட்டினரின் அஞ்சல்கள் காணாமற்போயின. கூகுள் அவற்றை மீட்டது நாடாக்களிலிருந்துதான். நாடாவை ஓட்டும் கருவியின் விலைதான் அதிகம். ஆகையால், சரக்கு மிகுந்தவர்க்கே இது கட்டுப்படியாகும்.

செலவைக் குறைக்க முனைவோர் முதலில் கைவைப்பது எதில் தெரியுமா? இரண்டாவது பிரதியில்! ‘ஒன்று இருக்கும்போது இன்னொன்று எதற்கு?’ என்பார்கள். தென் கொரியாவின் டேஜான் நகரில் 2025 செப்டம்பர் 26 அன்று அரசின் கணினி மையம் தீப்பற்றியது. மின்கலங்களை இடம் மாற்றும் பணியின்போது நிகழ்ந்த விபத்து. 600க்கும் மேற்பட்ட அரசுச் சேவைகள் நின்றுபோயின. அரசு ஊழியர்கள் தம் அலுவல் கோப்புகளைச் சேமித்த ‘ஜி டிரைவ்’ என்னும் சேமிப்பகம் முற்றும் எரிந்தது. 858 டெராபைட்! கொள்ளளவு பெரிது என்பதால் அதற்கு வெளியே மறுபிரதி வைக்கப்படவில்லையாம். ஊழியர்கள் ஆண்டுக்கணக்கில் எழுதியவை ஓரிரவில் புகையாயின.

பிரதி இருந்தால் மட்டும் போதுமா? பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் 2021 மார்ச் 10 அன்று ஓ.வி.எச். நிறுவனத்தின் கட்டடம் ஒன்று எரிந்தது. பிரதி வைத்திருந்த வாடிக்கையாளர் சிலரும் பறிகொடுத்தனர். காரணம், பிரதியும் அதே வளாகத்தில் இருந்தது! வீட்டுப் பத்திரமும் அதன் நகலும் ஒரே பெட்டியில்.

நம் நாட்டுச் சட்டமும் இங்கே குறுக்கிடுகிறது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, கணக்கேடுகளைக் குறைந்தது எட்டு நிதியாண்டுகளுக்குப் பாதுகாக்க வேண்டும். கணினியில் வைத்திருப்போர் அவற்றின் பிரதியை இந்தியாவிற்குள் இருக்கும் கணினியில் வைத்திருக்க வேண்டும். 2022இல் வந்த திருத்தப்படி அது அன்றாடம் எடுக்கப்பட வேண்டும். எந்த நாட்டுக் கிடங்கில் வாடகை குறைவு என்று தேடுவோர் இதனை மறந்துவிடலாகாது.

இவற்றையெல்லாம் பேசி முடித்தபின் தம்பியிடம் ஒன்றே ஒன்று சொன்னேன்: “இடத்தை மாற்றுவதை நிறுத்துங்கள். முதலில் உங்கள் வீட்டு உம்மாவைப்போல் தரம் பிரியுங்கள்.” சிரித்துக்கொண்டே போனார்.

மூன்று வாரங்கள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். தரம் பிரித்ததில், இருந்த சரக்கில் பெரும் பகுதி கேமராப் பதிவுகளும், ஒரே கோப்பைப் பத்துப் பேர் பத்து இடத்தில் வைத்திருந்த நகல்களும்தானாம். கணக்கேடுகள் என்று பார்த்தால் மிகச் சிறிய பங்கே. நகல்களை நீக்கியதிலேயே முதலாளி கேட்ட குறைப்பில் பாதிக்கு மேல் கிடைத்துவிட்டது. கேமராப் பதிவுகள் அலுவலகத்துச் சாதாரண ஹார்டு டிஸ்குகளுக்கு வந்துவிட்டன. கணக்கேடுகளுக்கு இரண்டு ஊர்களில் இரண்டு பிரதிகள். எட்டாண்டைத் தாண்டியவை மட்டும் பரணில், பட்டியலோடு. வேலைக்கும் ஆபத்தில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

“சோதனைக்காக 2009ஆம் ஆண்டின் ஒரு மாதக் கணக்கைப் பரணிலிருந்து இறக்கினோம், ஹஜ்ரத். மறுநாள் காலையிலேயே பத்திரமாக வந்துவிட்டது” என்றார்.

“பிறகென்ன தம்பி, நிம்மதிதானே?”

“வந்தது. ஆனால், அதைத் திறக்கும் பழைய மென்பொருள் எங்கள் அலுவலகத்தில் இப்போது ஒரு கணினியிலும் இல்லை. அந்தக் காலத்துக் கணக்காளர் ஓய்வு பெற்றுத் திருச்சியில் இருக்கிறார். அவர் வீட்டில் பழைய கணினி ஏதும் கிடக்கிறதா என்று கேட்கப் போய்க்கொண்டிருக்கிறேன்.”