வழி தெரிந்தும் வழியற்றவர்கள்

மூன்றாமாண்டு, இளங்கலை வரலாறு

வாழ்க்கை ஒரு பயணம் என்று மேடைதோறும் பேசுகின்றோம். நான் இங்கே எழுத வந்தது அந்த உவமைப் பயணத்தைப் பற்றி அன்று. கால் வீங்க, வயிறு காய, கைக்குழந்தையைத் தோளில் சுமந்துகொண்டு மக்கள் நடந்த மெய்யான பயணம் ஒன்றைப் பற்றி. 1942ஆம் ஆண்டில் பர்மாவிலிருந்து இந்தியாவுக்கு நம்மவர் குடும்பம் குடும்பமாக நடந்தே வந்தார்களே, அந்தப் பயணம்.

இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது நண்பர் ஒருவர், "பாவம், அந்தக் காலத்தில் கைபேசி இல்லை, வழிகாட்டும் வரைபடமும் இல்லை. வழி தெரியாமல் காட்டில் மாண்டு போனார்கள்" என்றார். பலரும் தலையசைத்தனர். நல்ல இரக்கந்தான். ஆனால் அது உண்மையை மூடி மறைக்கும் இரக்கம் என்பது என் கருத்து. அவர்கள் வழி தெரியாமல் மாளவில்லை. வழி தெரிந்தும், அதில் நடப்பதற்கு வேண்டியவை கிடைக்காமல் மாண்டார்கள். முன்னதைக் காலத்தின் குறை என்று சொல்லி விட்டுவிடலாம். பின்னதற்குப் பொறுப்பாளிகள் உண்டு.

கடல்வழிப் போனவர்கள்

1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி பர்மாவில் இருந்த இந்தியர் ஏறத்தாழ 10 இலட்சம். இரங்கூன் நகரத்து மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியரே. வட்டித் தொழிலுக்குச் சென்ற நாட்டுக்கோட்டைச் செட்டியார்களும் இருந்தார்கள். வயலுக்கும் அரிசி ஆலைக்கும் கூலியாகச் சென்ற ஏழைத் தமிழரும் இருந்தார்கள். தெலுங்கரும் ஒரியரும் வங்காளிகளும் உடனிருந்தனர். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரும், நகரத்தின் குப்பையை அள்ளியவரும் பெரும்பாலும் இந்தியத் தொழிலாளரே.

போக்குவரத்து முழுவதும் கப்பலில்தான். இரு நாடுகளையும் இணைக்க ஓர் இருப்புப்பாதையோ, நல்ல சாலையோ ஆங்கிலேயர் அமைக்கவே இல்லை. 1937 வரை பர்மா, பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணமாகவே இருந்தது என்பதையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். அரை நூற்றாண்டுக் காலம் ஒரே ஆட்சியின் கீழ் இருந்த இரு நிலங்களுக்கிடையே ஒரு வண்டிகூடத் தடையின்றிப் போக முடியாத நிலை!

1941 டிசம்பர் 23ஆம் நாள் சப்பானிய விமானங்கள் இரங்கூன்மீது குண்டு வீசின. தொழிலாளர் நகரை விட்டு ஓடத் தொடங்கினர். அவர்கள் போய்விட்டால் துறைமுகம் நின்றுவிடும், நகரம் நாறிப்போகும். ஆதலால் அவர்கள் வெளியேறுவதை அரசு விரும்பவில்லை. 1942 மார்ச் 8ஆம் நாள் இரங்கூன் வீழ்ந்தது. அதற்குள் பணமும் செல்வாக்கும் உள்ளவர்கள் கப்பல் ஏறிவிட்டனர். மற்றவர்க்குக் காலே கப்பல்.

மூன்று வழிகள்

நடந்தவர்க்கு மூன்று வழிகள் இருந்தன. ஐராவதிக் கரையிலுள்ள புரோமிலிருந்து அரக்கான் மலையைக் கடந்து கடற்கரையிலுள்ள டௌங்கப் சென்று, படகில் அக்யாப் வழியாகச் சிட்டகாங் சேர்வது ஒன்று. மாந்தலையிலிருந்து சிந்துவின் ஆற்றை அடைந்து, காலேவா, தாமு ஊர்களைத் தாண்டி, மலையேறிப் பாலேல், இம்பால் வழியாகத் திமாப்பூர் இரயில் நிலையம் வருவது இரண்டாவது. வடக்கே மிச்சினாவிலிருந்து ஹூக்காங் பள்ளத்தாக்கு வழியாகப் பாங்சாவ் கணவாயைக் கடந்து அசாமிலுள்ள லீடோ சேர்வது மூன்றாவது. இதுவே கொடியது.

இவ்வழிகளை அவர்கள் எப்படிக் கண்டார்கள்? முன்னே போனவரின் அடிச்சுவட்டைப் பின்னே வந்தவர் பிடித்துக்கொண்டனர். ஆற்றைப் பார்த்துத் திசை அறிந்தனர். மலைக்கிராமத்து நாகரையும் குக்கியரையும் கேட்டுச் சென்றனர். சுமக்க முடியாமல் எறியப்பட்ட பெட்டிகளும் பாத்திரங்களும் மைல்கற்களாயின; பின்னர் வழியோரம் கிடந்த பிணங்களே மைல்கற்களாயின. இரங்கூனில் 'ஜோதி' இதழின் ஆசிரியராக இருந்த வெ. சாமிநாத சர்மா, தம் மனைவியாருடன் இப்படி நடந்து வந்தவர்தாம். 'எனது பர்மா வழிநடைப் பயணம்' என்று ஒரு நூலே எழுதி வைத்திருக்கின்றார். நம்மில் எத்தனை பேர் அதைக் கையால் தொட்டிருக்கின்றோம்?

ஆக, திசை தெரிந்தே இருந்தது. இலட்சக்கணக்கானோர் ஊர் வந்து சேர்ந்தது அதற்குச் சான்று. தரைவழி வந்தவர்கள் சுமார் 4 இலட்சம் என்பது பொதுவான மதிப்பீடு. வழியில் இறந்தவர்களை 10,000 என்போரும் உண்டு. 50,000க்கும் மேல் என்போரும் உண்டு. மதிப்பீட்டில் இத்தனை இடைவெளி இருப்பதே, அந்த உயிர்களை எண்ணிப் பார்க்கவும் ஆளில்லை என்பதைக் காட்டவில்லையா?

குடும்பத்துக்கு வழி எது?

தனியாளுக்கு வழி என்பது திசை. குடும்பத்துக்கு வழி என்றால் இரவில் உலை வைக்க அரிசி, பிள்ளை குடிக்க நல்ல தண்ணீர், பிள்ளைத்தாய்ச்சி சாய்ந்து உட்கார ஒரு மரத்தடி, காய்ச்சல் கண்ட கிழவர் எழும்வரை தங்க ஒரு கொட்டகை. குடும்பம் நடக்கின்ற வேகம், அதில் மிக மெலிந்தவர் நடக்கின்ற வேகமே. இளைஞன் பத்து நாளில் கடந்த மலையைக் குடும்பத்தால் பத்து நாளில் கடக்க இயலாது. நாள் கூடக் கூட அரிசி குறையும். அரிசி குறையக் குறைய நடை தளரும். எந்த வரைபடமும் இந்தக் கணக்கைக் காட்டாது.

அவர்களைக் கொன்றவை எவை என்று பாருங்கள். புரோமிலும் மாந்தலையிலும் நெருக்கடியான முகாம்களில் பரவிய காலரா, கபா பள்ளத்தாக்கில் மலேரியா, மே மாதம் பிடித்துக்கொண்ட பருவமழை, முழங்கால் சேறு, பசி. ஏப்ரல் 3ஆம் நாள் மாந்தலை குண்டுவீச்சில் எரிந்தது. மே 8ஆம் நாள் மிச்சினாவும் சப்பானியர் கைக்குப் போயிற்று. விமானத்தில் போய்விடலாம் என்று அங்கே காத்திருந்தவர்கள், மழை தொடங்கும் நேரத்தில் ஹூக்காங் காட்டுக்குள் இறங்க நேர்ந்தது. காலத்தே புறப்பட விட்டிருந்தால் அவர்களிற் பலர் பிழைத்திருப்பார்கள்.

இதில் நிறபேதம் வேறு. தாமுவிலிருந்து பாலேல் செல்லும் மலைப்பகுதியில் ஐரோப்பியருக்கு வசதியான ஒரு பாதையும் இந்தியருக்குக் கடினமான வேறொரு பாதையும் ஒதுக்கப்பட்டன என்ற குற்றச்சாட்டு நாடெங்கும் எழுந்தது. 'வெள்ளையர் வழி', 'கறுப்பர் வழி' என்றே மக்கள் பேசினர். வைசிராய் நிருவாகக் குழுவில் வெளிநாட்டு இந்தியர் துறையை வகித்த எம்.எஸ். ஆனே நேரில் போய்ப் பார்த்தார். அலகாபாத்தில் கூடிய அகில இந்தியக் காங்கிரசுக் கமிட்டி இதைக் கண்டித்தது. வழி தெரியாத இடத்தில் எப்படி ஐயா இரண்டு வழிகள் இருக்க முடியும்?

ஒரு மறுப்பும் விடையும்

"போர்க்காலம், பகைவன் துரத்தி வருகின்றான், அரசு என்னதான் செய்யும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இதற்கு இரண்டு விடைகள் உண்டு.

முதலாவது, செய்தவர்கள் இருந்தார்கள். அசாம் தேயிலைத் தோட்டத்தார் சங்கம் வழியெங்கும் முகாம் அமைத்தது. தோட்டத் தொழிலாளரே அரிசி சுமந்தனர், நோயாளிகளையும் சுமந்தனர். கைல்ஸ் மக்ரெல் என்ற தேயிலைத் தோட்டக்காரர் யானைகளைக் கொண்டுபோய், வெள்ளம் புரண்ட டாபா ஆற்றில் சிக்கியவர்களை மீட்டார். ஒரு குவளைத் தேநீரும் ஒரு பிடிச் சோறும் கிடைத்த இடத்தில் மனிதர் பிழைத்தனர்.

இரண்டாவது விடை இன்னும் கசப்பானது. 1942 டிசம்பரில், அதாவது அகதிகள் சேற்றில் புதைந்து ஆறேழு மாதத்தில், லீடோவிலிருந்து அதே பாங்சாவ் கணவாய் வழியாகப் படைகளுக்கென ஒரு சாலை போடத் தொடங்கினார்கள். 1945 பிப்ரவரி 4ஆம் நாள் அவ்வழியே சென்ற முதல் இராணுவ வண்டித்தொடர் சீனத்துக் குன்மிங் நகரை அடைந்தது. வெட்ட முடியாத மலை என்று எதுவும் இருக்கவில்லை. ஏழைக் குடும்பங்கள் நடப்பதற்காக வெட்டத் தோன்றவில்லை, அவ்வளவே.

இன்றைக்கும் இதுவே

இது பழங்கதை என்று எண்ணுவோர் 2020ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்கட்டும். மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவிக்கப்பட்டதும் வடநாட்டுப் பெருநகரங்களிலிருந்து கூலித்தொழிலாளர் மனைவி மக்களுடன் நூற்றுக்கணக்கான கல் தொலைவிலுள்ள ஊர்களை நோக்கி நடந்தார்கள். பலர் சட்டைப்பையில் கைபேசி இருந்தது, வரைபடம் இருந்தது. பேருந்தும் இரயிலும் சோறும் இல்லை. மே 8ஆம் நாள் விடியற்காலையில் மகாராட்டிரத்தில் ஔரங்காபாத் அருகே, தண்டவாளத்தின் வழியே நடந்து களைத்து அதிலேயே உறங்கிவிட்ட 16 தொழிலாளர்கள்மீது சரக்கு இரயில் ஏறிற்று. தண்டவாளத்தைப் பிடித்து நடந்தவர்க்கு வழி தெரியாது என்று யார் சொல்வார்?

கருவி முன்னேறிவிட்டது, ஆகவே பயணத்துன்பம் தீர்ந்தது என்று நம்மை நாமே தேற்றிக்கொள்வது எளிது. கருவி திசை காட்டும். தண்ணீர்ப் பந்தல் வைக்காது. மூடிய வாயிலைத் திறக்காது.

நாம் செய்ய வேண்டியது

ஹியூ டிங்கர் என்ற வரலாற்றறிஞர் 1975இல் இதைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரைக்கு, 'மறக்கப்பட்ட நெடும்பயணம்' என்று பொருள்படத் தலைப்பிட்டார். அந்தத் தலைப்பு இன்னும் பொய்யாகவில்லை. 1942இல் ஐந்து வயதில் தகப்பன் தோளில் ஏறி வந்த பிள்ளைக்கு இப்போது தொண்ணூறை நெருங்கும் வயது. தமிழகத்துப் பல ஊர்களில் பர்மாக் காலனிகள் இருக்கின்றன. அவை பெரும்பாலும் 1960களில் கப்பலில் திரும்பியோருக்காக ஏற்பட்டவை. ஆயினும் அக்குடும்பங்களில், போர்க்காலத்தில் நடந்து வந்து, பின்னர் மீண்டும் பர்மா போய்த் திரும்பியவர்களின் நினைவுகளும் உண்டு.

நம் கல்லூரி வரலாற்றுத் துறை, ஆண்டுக்கு ஒரு கோடை விடுமுறையேனும் மாணவர்களை இவ்வீடுகளுக்கு அனுப்ப வேண்டும் என்று பேராசிரியப் பெருமக்களை வேண்டிக்கொள்கின்றேன். அங்கே போகின்ற நண்பர்கள், "தாத்தா, வழியை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிட வேண்டா. "தண்ணீர் கொடுத்தது யார்? உங்களை நிறுத்தி வைத்தது யார்? யாரை விட்டுவிட்டு வந்தீர்கள்?" என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.