"அலை கம்மி, குழந்தைகளை இறக்கி விடலாம்" என்று எழுதுகிறவர்களுக்கு



நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள், கடைசியில் கேள்வி கேட்க மாட்டேன்.

இரண்டு வாரமாக நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் பழைய மாணவர் குழுவிலும் ஒரே வீடியோ சுற்றுகிறது. கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச். பின்னணியில் சினிமாப் பாட்டு. "குடும்பத்தோடு குளிக்கப் பாதுகாப்பான கடற்கரை. அலை கம்மி. குழந்தைகளைத் தாராளமா இறக்கி விடலாம்" என்று எழுத்து ஓடுகிறது. அதற்குக் கீழே என் தங்கை மகள் "சண்டே பிளான் ரெடி பெரியம்மா" என்று போட்டிருக்கிறாள். பண்ருட்டியிலிருந்து நெல்லிக்குப்பம் வழியாகப் போனால் ஒரு மணி நேரம். தாராளமாகப் போங்கள். நானும் போகிறவள்தான், அந்தச் சுண்டலுக்கும் காற்றுக்கும் வேறு எங்கே போவது? ஆனால் வீடியோவில் ஓடுகிற அந்த வரி பொய். யாரோ ஒருவர் லைக்குக்காக எழுதிய பொய்யை நம் பிள்ளைகள் நம்பித் தண்ணீரில் இறங்குவதை நான் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். நான்காம் வகுப்பில் உங்களை வரைய வைத்த அதே தமிழ்நாடு வரைபடம்தான். சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வரை கரை கிட்டத்தட்ட நேர்கோடாக இறங்குகிறது. வளைவு இல்லை, விரிகுடா இல்லை, முன்னால் தீவு இல்லை. வங்காள விரிகுடாவில் எங்கோ கிளம்பிய அலை தடையில்லாமல் வந்து தேவனாம்பட்டினத்து மணலில் விழுகிறது. இராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் தண்ணீர் குளம் மாதிரி நிற்கிறதே, ஏன்? இலங்கை நிலப்பரப்பு ஒரு பக்கம் மறைக்கிறது, பாக் விரிகுடாவின் ஆழமும் குறைவு. மட்டக்களப்புக்குப் பக்கத்தில் பாசிக்குடா என்று ஓர் இடம், அங்கே வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவு தண்ணீர்தான் என்பார்கள். அது வளைந்த குடா. நம் கரை அப்படி அமையவில்லை. அமையாததை அமைந்ததாகச் சொல்லி விளம்பரம் செய்வது என்ன நியாயம்?

இனி அந்த "அலை கம்மி" விஷயத்துக்கு வருகிறேன். என்னை மிகவும் பயமுறுத்துவது இந்த இரண்டு வார்த்தைகள்தான்.

கரையில் நின்று கொஞ்ச நேரம் கடலைக் கவனியுங்கள். இடப்பக்கம் அலை நுரைத்து உடையும், வலப்பக்கமும் உடையும். நடுவில் ஒரு பட்டை மட்டும் உடையாமல், சற்றுக் கருத்த நிறத்தில், அமைதியாகத் தெரியும். ஊரிலிருந்து வந்த அம்மா என்ன செய்வாள்? "இங்கதான் அலை இல்ல, இங்க வா" என்று பிள்ளையைக் கூப்பிடுவாள். கரைக்கு வந்து விழுந்த தண்ணீரெல்லாம் திரும்பிக் கடலுக்குள் போகிற வாய்க்கால் அதுதான். அலை அங்கே உடையாததற்குக் காரணம், அடியில் மணல் அரித்து ஆழமாகியிருப்பது. அதில் கால் வைத்தால் தண்ணீர் உள்ளே இழுக்கும். நீந்தத் தெரிந்த ஆண்பிள்ளைகூட கரையைப் பார்த்து நேராக நீந்தி, கை ஓய்ந்து, மூழ்கிவிடுவான். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் கொஞ்ச தூரம் நீந்தினால் அந்த இழுப்பிலிருந்து வெளியே வந்துவிடலாம். இதை எந்த வீடியோவாவது சொன்னதா? அந்த வாய்க்கால் ஒரே இடத்தில் இருப்பதும் இல்லை. போன பொங்கலுக்கு முழங்கால் ஆழம் இருந்த இடம் இந்தப் பொங்கலுக்கு அப்படியே இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் கடலின் குணமே வேறு.

"எல்லோரும் கையைக் கோத்துக்கொண்டு நிற்போம் டீச்சர்" என்று ஒரு மாணவன் எழுதியிருக்கிறான். நன்றாகப் படித்தவன், இப்போது நெய்வேலியில் வேலை. தம்பி, கை கோத்து நிற்கிற வரிசையில் ஒருவர் கால் தவறினால் பக்கத்தில் இருப்பவரும் சேர்ந்து போவார். தண்ணீர்ச் சாவுகளில் பாதிக் கதை, ஒருவரைக் காப்பாற்றப் போய் அடுத்தவர் போனதுதான். கடல் வரைக்கும் போக வேண்டாம். 2022 ஜூன் மாதம், நெல்லிக்குப்பத்துக்குப் பக்கத்தில், நம் கெடிலத்தில் குளிக்கப் போன பெண்களும் சிறுமிகளுமாக ஏழு பேர் ஒரே நாளில் போனார்கள். ஏழு பேர்! அந்தச் செய்தி வந்த அன்று நம் பக்கத்தில் எத்தனை வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

அந்த ஏழு பேருமே பெண்கள் என்பதைக் கவனியுங்கள். நம் ஊர்ப் பையன்கள் முன்பெல்லாம் நீச்சல் எங்கே கற்றார்கள்? கழனிக் கிணற்றில். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி மாமாவோ சித்தப்பாவோ தள்ளி விடுவார், மூன்றாம் நாள் அவனே மேலிருந்து குதிப்பான். பெண்பிள்ளைகளை யார் தள்ளிவிட்டார்கள்? இப்போது பையன்களுக்கும் அந்த வழி இல்லை. நிலத்தடி நீர் இறங்க இறங்கக் கிணறுகள் வற்றி, எல்லாம் போர் ஆகிவிட்டது. ஆக, நீந்தத் தெரியாத ஒரு தலைமுறை முழுசாக வளர்ந்து நிற்கிறது. அதைத்தான் அந்த வீடியோ கடலுக்குக் கூப்பிடுகிறது. தை ஐந்தாம் நாள் தென்பெண்ணை ஆற்றுத் திருவிழா, ஆடிப்பெருக்கு, மாசிமகம் என்று வருடம் முழுக்கத் தண்ணீரோடு வாழ்கிற மக்கள் நாம். 2015 நவம்பரில் விசூரில் வெள்ளம் வந்ததைப் பார்த்தோம். அப்படியிருந்தும் நீச்சலை ஒரு பாடமாக வைக்க யாருக்கும் தோன்றவில்லை. ஸ்மார்ட் கிளாஸ் மட்டும் வந்துவிட்டது.

வீடியோக்காரரை மட்டும் குறை சொன்னால் போதாது. மறுபக்கம் இருக்கிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்கள் கையில் ஒரே ஒரு மருந்துதான்: "கடலில் குளிக்கத் தடை" என்கிற பலகை. காணும் பொங்கல் அன்று ஒரு விசில், ஒரு கம்பு, "ஏய் வெளிய வா" என்று ஒரு அதட்டல். பலகை வைத்தாகிவிட்டது, இனி யார் செத்தாலும் பொறுப்பு செத்தவருடையது! இது என்ன கணக்கு? மாசிமகத்தன்று ஊர் ஊராகச் சாமிகள் தேவனாம்பட்டினத்துக்கு வந்து தீர்த்தவாரி ஆகும்போது பக்தர்களும் சேர்ந்து முழுக்குப் போடுகிறார்கள். அன்று இறங்க வேண்டிய கடல் மறுநாள் தடை செய்யப்பட்ட கடலாகிவிடுமா? மக்கள் இறங்கத்தான் செய்வார்கள். இறங்குவார்கள் என்று ஒப்புக்கொண்டு ஏற்பாடு செய்வதுதான் நிர்வாகம்.

கோவாவில் 2008 முதல் கடற்கரைகளில் சம்பளம் வாங்கும் உயிர்காப்பாளர்கள் நிற்கிறார்கள். எங்கே இறங்கலாம், எங்கே கூடாது என்று கொடி நட்டுக் காட்டுகிறார்கள். நம் செங்கல்பட்டு மாவட்டக் கோவளம் 2021இல் நீலக்கொடிச் சான்று வாங்கியது. டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஓர் அமைப்பு தரும் சான்று அது, முப்பத்துக்கும் மேற்பட்ட நிபந்தனைகள் உண்டு. சில்வர் பீச்சையும் அந்த நிலைக்குக் கொண்டுவரப் போவதாக அறிவிப்பு வந்திருக்கிறது. நல்லது, வரட்டும். ஆனால் நீலக்கொடி என்றதும் எல்லோருக்கும் மூங்கில் குடையும் சாய்வு நாற்காலியும் செல்ஃபி எடுக்கிற எழுத்துப் பலகையும்தான் ஞாபகம் வருகிறது. நிபந்தனைகளில் உயிர்காப்பாளரும் உண்டு, முதலுதவி உண்டு, கழிப்பறை உண்டு, தண்ணீரின் சுத்தத்தைச் சோதிப்பதும் உண்டு. குடையை முதலில் நட்டுவிட்டு உயிர்காப்பாளரை அடுத்த நிதியாண்டுக்குத் தள்ளினால் அது யாருக்காக?

ஆட்களுக்கு எங்கும் போய்த் தேட வேண்டாம். தேவனாம்பட்டினத்து மீனவ இளைஞர்களைவிட அந்தத் தண்ணீரை அறிந்தவர் யார்? 2004 டிசம்பர் 26 அன்று அந்த ஊர் இழந்தது எவ்வளவு என்று நமக்குத் தெரியும். அதற்குப் பிறகும் வெளியூர்க்காரன் முழுகினால் முதலில் குதிக்கிறவர்கள் அவர்கள்தான். கூலி கிடையாது, காப்பீடு கிடையாது, மறுநாள் பேப்பரில் "அப்பகுதி மீனவர்கள் மீட்டனர்" என்று அரைவரி. பயிற்சியும் சீருடையும் மாதச் சம்பளமும் கொடுத்து அவர்களையே நிறுத்துங்கள். கயிறும் மிதவையும் கட்டி நூறு மீட்டர் தூரத்துக்கு ஓர் இடத்தை ஒதுக்குங்கள். தினமும் காலையில் தண்ணீரைப் பார்த்து அவர்கள் கொடி நடட்டும். ஆனால் கடற்கரையை அழகாக்குகிறோம் என்று அவர்களுடைய படகையும் வலையையும் அப்புறப்படுத்துகிற வேலை மட்டும் வேண்டாம். அது முதலில் அவர்கள் கரை.

பெண்களுக்கு உடை மாற்றும் அறையும் கட்டாயம் வேண்டும். இதை எழுதக் கூச்சப்படுகிற வயதை நான் தாண்டிவிட்டேன். நம் பெண்கள் ஆறு கெஜப் புடவையோடு நிற்கிறார்கள். நனைந்த புடவை காலைச் சுற்றினால் ஒரு சின்ன அலை போதும் தள்ளிவிட. சுடிதார் போட்டு வரலாம்தான், நனைந்த பிறகு எங்கே மாற்றுவது? ஒருத்தி துண்டைப் பிடிக்க இன்னொருத்தி குனிந்து மாற்ற, சுற்றிலும் பத்து செல்போன். அதனால் பாதிப் பேர் இறங்காமலே பைகளுக்குக் காவல் இருந்துவிட்டுத் திரும்புகிறார்கள். குடும்பத்தோடு போகிற கடற்கரையாம்!

சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் போன வருடம் ஒரு மனு கொடுத்தேன். பதில் வரவில்லை. தனி ஒருத்தி கொடுத்த மனு என்பதால் இருக்கலாம். இந்த முறை நாலு பக்கத்தில் புதிதாக எழுதியிருக்கிறேன், காணும் பொங்கலுக்கு முன் கொடுக்க வேண்டும். பண்ருட்டி, நெல்லிக்குப்பம், நெய்வேலிப் பக்கம் இருப்பவர்கள் ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் வீட்டுக்கு வந்து கையெழுத்துப் போடுங்கள். வெளியூரில் இருப்பவர்கள் முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்பினால் நகல் தபாலில் வரும். வருகிறவர்கள் பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள், அந்தக் கருத்த பட்டையைப் பலகையில் வரைந்து காட்டுகிறேன். காபியும் முந்திரிப் பக்கோடாவும் உண்டு.

தங்கை மகளே, உன் ஞாயிறு பிளானையும் அப்படியே இங்கே மாற்றிக்கொள்.

— உங்கள் டீச்சர்