செவிலியாகிய எம் பாட்டியார்

பத்மநாபபுரம் கோட்டைக்கு வெளியே, தக்கலைக்குச் செல்லும் வழியில் வாழ்ந்திருந்த எம் பாட்டியார் சென்ற ஆண்டு தமது 88ஆம் அகவையில் இறைவனடி சேர்ந்தார். முப்பதாம் நாள் நினைவுப் பூசைக்கென அச்சிட்ட அட்டையொன்று என் மேசைமேல் இருக்கின்றது. தேவமாதாவின் படத்தின் கீழ், அவர் செபமாலைச் சபையைச் சேர்ந்தவரென்பதும், மக்கள் 5 பேர், பேரப்பிள்ளைகள் 11 பேர் என்பதும், ஏழைகட்கு இரங்கியவரென்பதும் அதிற் காணப்படும். 37 ஆண்டு அவர் அரசாங்க வைத்தியசாலையிற் செவிலியாயிருந்தாரென்பது மட்டும் காணப்படாது. பிறரைக் குறைகூற இதனை எழுதுகின்றேனல்லேன்; அவ்வட்டையின் வாசகத்தை எழுதிக் கொடுத்தவன் யானே.

தமிழ் பயில்வோர்க்குச் செவிலி என்னுஞ் சொல் புதிதன்று. அகப்பாடல்களில் அவள் தலைவியை வளர்த்த தாய், தோழியைப் பெற்றவள். மகள் உடன்போக்கிற் சென்றுவிட்டால் நற்றாய் மனையிலிருந்து புலம்ப, சுரத்திடைச் சென்று தேடுபவள் அவளே. அவட்குப் பெயரில்லை. அகத்திணையில் ஒருவர்க்கும் பெயர் சுட்டுதல் மரபன்றாதலின் அதனைக் குறையென்றல் பொருந்தாது. சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையிலோ கண்ணகியை நினைந்து அரற்ற வரும் மூவருள், தேவந்திக்குப் பெயருண்டு. மற்றை இருவரும் காவற்பெண்டு என்றும் அடித்தோழி என்றும் தத்தம் வேலையின் பெயரளவிலேயே நின்றுவிடுகின்றனர். எம் பாட்டியார்க்கு நேர்ந்தது இதற்கு மறுதலை. பெயர் அச்சேறிற்று, வேலை மறைந்துவிட்டது.

அவர் பயிற்சி பெற்றது திருவனந்தபுரத்தில். அங்குச் செவிலித்தொழில் வேரூன்றிய வரலாறு அறியத்தக்கது. 1906ஆம் ஆண்டிற் கொல்லம் ஆயர் பென்சிகர், தம் தாய்நாடாகிய சுவிட்சர்லாந்திலிருந்து திருச்சிலுவைக் கன்னியரை வருவித்து, அந்நகரத்து அரசாங்க வைத்தியசாலையிற் பணியாற்றச் செய்தார். அந்நிய ஆடவரின் புண்ணைக் கழுவுதல் குலப்பெண்ணுக்கு இழுக்கென்று எண்ணிய அக்காலத்தில் அவர்கள் அதனைச் செய்து காட்டியமை பின்வந்த நம் பெண்களுக்கு வழியாயிற்று. மற்றொன்றும் நினைக்கத்தக்கது. 1936ஆம் ஆண்டில் உரோமையிலிருந்து அனுமதி பிறக்கும்வரை, துறவறக் கன்னியர் பிரசவம் பார்த்தல் திருச்சபைச் சட்டத்தால் விலக்கப்பட்டிருந்தது. கன்னியர்க்கு விலக்கப்பட்ட அவ்வேலையை ஏற்றுநின்றவர்கள் துறவு பூணாத பெண்கள். பாட்டியார் அவர்கள் வழிவந்தவர்.

அவர் பயின்றுகொண்டிருக்கும்பொழுதே, 1956 நவம்பர் 1ஆம் நாள், நம் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியினின்றும் பிரிந்து சென்னை இராச்சியத்தோடு இணைந்தன. பத்மநாபபுரத்து அரண்மனை நம் மண்ணில் இருந்துகொண்டே கேரள அரசாங்கத்தின் பொறுப்பில் இன்றும் நிற்கின்றது. பாட்டியாரோ அங்குக் கற்றதை எடுத்துக்கொண்டு இப்பக்கம் வந்துவிட்டார். நோயாளியின் குறிப்பை ஆங்கிலத்தில் எழுதுவார். காசை மலையாளத்தில் எண்ணுவார். செபத்தைத் தமிழிற் சொல்லுவார்.

கண்ணாடிச் சிரிஞ்சுகளைக் கொதிநீரிலிட்டு எடுத்து, மழுங்கிய ஊசியைக் கல்லில் தீட்டி மீண்டும் பயன்படுத்திய காலம் அது. படுத்த படுக்கையாயிருப்பவரை இரண்டு மணிக்கொருமுறை புரட்டிக் கிடத்தாவிடின் முதுகிற் புண் வரும். அப்புண் நோயின் குற்றமன்று, செவிலியின் குற்றமென்பது அவர் கொள்கை. எம் பாட்டனார் பக்கவாதத்தால் இரண்டாண்டு கிடந்தபொழுது, பாட்டியார்க்கு 70 வயது கடந்திருந்தது. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து, இரவும் பகலும், அவரைப் புரட்டினார். அடக்கத்திற்கு முன் உடலைக் கழுவியவர்கள் முதுகில் ஒரு வடுவும் இல்லையென்று வியந்தனராம். உறவினர் அதனைக் கற்பென்று புகழ்ந்தனர். அவர் 'டூட்டி' என்றார். ஞாயிற்றுக்கிழமை வேலைமுறை வந்துவிட்டால், நோயாளியை விட்டுவிட்டுப் பூசைக்குச் செல்லுதலே பாவமென்று, குருவானவரைக் கேளாமலே தீர்ப்புச் செய்துகொண்டவர் அவர்.

அவருடைய பக்தியை யான் சிறிதும் ஐயுறவில்லை. ஆயினும் பக்தி, தியாகம், சேவை என்னும் இச்சொற்களை ஒரு பெண்ணின் தொழிலின்மேற் போர்த்தும்பொழுது, அவற்றின் கீழே தொழிலும் அதற்குரிய கூலியும் மறைந்துபோகின்றன. பாட்டியார் சம்பளப் பணத்தை மேசைமேற் பரப்பி, கோவிலுக்கு, சீட்டுக்கு, பள்ளிச் சம்பளத்துக்கு எனப் பிரித்துவைத்ததை என் தந்தையார் பலமுறை கூறியிருக்கின்றார். எம் வீட்டின் ஓட்டுக்கூரை அச்சம்பளத்தில் ஏறியது.

என் அக்காளும் செவிலியே. ஒரு தனியார் மருத்துவமனையில் இராப்பகல் வேலை செய்கின்றாள். சென்ற ஆண்டு அங்குள்ள செவிலியர் ஊதிய உயர்வு கேட்டபொழுது, 'இது சேவையல்லவா, பணத்தை நினைக்கலாமா?' என்று மேலாளர் வினவினாராம். அதனைப் பாட்டியாரிடம் கூறியபொழுது அவர் சிரித்தார். "சம்பளம் வாங்காம ஜோலி செய்யதுக்கு நான் கன்னியாஸ்திரீயா மக்களே? எனக்கு அஞ்சு பிள்ளை" என்பதே அவர் மறுமொழி.

2016ஆம் ஆண்டு சனவரியில் உச்ச நீதிமன்றம் இட்ட கட்டளையின்படி அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் செவிலியர்க்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமற் கொடுக்கவேண்டுமெனப் பரிந்துரைத்தது. அத்தொகையை என் அக்காள் இன்னும் கண்டிலள். தனியாரை மட்டும் சொல்வானேன்? நம் அரசாங்கமே 2015இல் ஒப்பந்த முறையில் எடுத்த செவிலியர்க்கு மாதம் 7,700 ரூபாயே கொடுத்தது. 2017 நவம்பரில் அவர்கள் சென்னையிற் கூடி வேலைநிறுத்தம் செய்தபின்னரே நாட்டார் பலர்க்கு அச்செய்தி எட்டிற்று. நோய்த்தொற்றுக் காலத்தில் அவர்களுக்காகக் கைதட்டியவர்கள் நாம்.

எமக்கு அண்மையிலுள்ள நெய்யூர் மிஷன் வைத்தியசாலை 1838இல் தோன்றியது. 1922இலும் 1924இலும் எவரெஸ்டு மலையேறிய குழுக்களிற் சேர்ந்திருந்த மருத்துவர் சாமர்வெல், அங்குப் பல்லாண்டு அறுவைச் சிகிச்சை செய்ததை இப்பகுதியார் இன்றும் பேசுவர். பேசுதல் தகும். அவர் கையிற் கத்தியை எடுத்துக் கொடுத்தவர் யார், சிகிச்சைக்குப்பின் விடியுமளவும் நாடி பார்த்திருந்தவர் யார் என்று கேட்பின், என் வகுப்பில் ஒருவர்க்கும் விடை தெரியவில்லை. யானும் கேட்டறிய முயன்றதில்லை. நம் கோவில்களிற் கன்னியர்க்கும் வேதசாட்சிகட்கும் படங்கள் உள்ளன. பிள்ளைகளுக்குச் சோறூட்டிவிட்டு, கடைசிப் பேருந்தில் இரவு வேலைக்குச் சென்ற பெண்ணுக்கு ஒன்றுமில்லை. படம் வேண்டுமென்பதன்று என் கருத்து. அவர் செய்த வேலையை அதன் பெயராற் சொல்லுவோம்.

ஆண்டு நினைவு அட்டை வரும் மாதம் அச்சாகின்றது. பாட்டியார் பெயரின் கீழ், 'அரசாங்க வைத்தியசாலைச் செவிலி, 37 ஆண்டு' என்று ஒரு வரி சேர்க்க எழுதிக் கொடுத்திருக்கின்றேன். பேரப்பிள்ளைகளின் பெயர்களையெல்லாம் போட்டபின் அதற்கு இடமிராது என்கின்றார் சித்தப்பா. எழுத்தைச் சற்றுச் சிறிதாக்கினால் இடமுண்டென்று அச்சகத்தார் கூறுகின்றனர்.