கையெழுத்துக்கு ஒரு பெண் தேவை

வீட்டிலிருந்தபடியே சம்பாதிக்கலாம் என்று யாராவது பெண்களுக்கு ஆசை காட்டினால் எனக்குத் திருநெல்வேலிப் பீடித் தொழிலாளிகள்தான் நினைவுக்கு வருகிறார்கள். அவர்களும் வீட்டில் உட்கார்ந்துதான் சுற்றுகிறார்கள். இலை மோசமாக இருந்து பீடி கழிக்கப்பட்டால் நட்டம் சுற்றியவளுக்கு. இப்போது அதே ஏற்பாடு எம்.பி.பி.எஸ். படித்த பெண்களைத் தேடி வந்திருக்கிறது. பெயர் மட்டும் கௌரவமானது: தொலைமருத்துவ மேற்பார்வை மருத்துவர்.

வேலை இதுதான். நோயாளியிடம் பேசுவது ஒரு செவிலியர். சில இடங்களில் செவிலியர்கூட இல்லை, ஏதோ பயிற்சி பெற்ற ஊழியர். அவர் கேட்டு நிரப்பிய படிவம் டாக்டரின் திரைக்கு வரும். மருந்து ஏற்கெனவே தேர்வாகியிருக்கும். டாக்டர் ‘சரி’ என்று அழுத்தினால் போதும், சீட்டில் அவர் பெயரும் பதிவு எண்ணும் அச்சாகிவிடும். நோயாளியின் முகத்தை அவர் பார்த்திருக்க மாட்டார், வயிற்றைத் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார்.

எதற்கு இவ்வளவு சுற்று? 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள், செயற்கை நுண்ணறிவுச் செயலி எதுவும் நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது, பதிவுபெற்ற மருத்துவர்தான் எழுத வேண்டும் என்கின்றன. நல்ல விதி. ஆனால் அதை வாசித்த கம்பெனிக்குப் புரிந்தது வேறு: டாக்டர் தேவையில்லை, அவருடைய பதிவு எண் போதும்.

திண்டிவனத்தில் எனக்குத் தெரிந்த ஒரு டாக்டர், இரண்டாவது குழந்தைக்குப் பிறகு மருத்துவமனை வேலையை விட்டவர். மாலையில் நான்கு மணி நேரம் போதும் என்று ஒரு செயலி நிறுவனம் அவரை அழைத்தது. “படிச்சுப் பாருங்கக்கா” என்று ஒப்பந்தத்தை என்னிடம் கொடுத்தார். விழுப்புரத்தில் வகுப்பு முடிந்து திரும்பும் பஸ்ஸில் படித்தேன். தமிழ் நடத்துகிறவளுக்குச் சட்டம் தெரியாவிட்டாலும் வாக்கியத்தில் எழுவாய் எது என்று தெரியும். உரிமை, லாபம் வரும் வாக்கியங்களில் எல்லாம் எழுவாய் ‘நிறுவனம்’. பிழை, இழப்பீடு, வழக்கு வரும் வாக்கியங்களில் ‘மருத்துவர்’. அவர் ஊழியர் அல்ல, ‘சுயாதீன ஆலோசகர்’. வழக்கு வந்தால் நிறுவனத்துக்கு ஆகும் செலவையும் அவரே ஈடுகட்ட வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை நோயாளிகள் என்பதற்கு உச்சவரம்பு இல்லை. ஆலோசனைப் பதிவுகள் நிறுவனத்தின் சொத்து. வேலையை விட்ட மறுநாள் தன் பக்க நியாயத்தைக் காட்ட அவர் கையில் ஒரு தாள்கூட இருக்காது.

அந்த நெறிமுறைகளை மீறும் நிறுவனத்துக்குக் கிடைக்கக்கூடியது கறுப்புப் பட்டியலில் ஓர் இடம். வேறு பெயரில் இன்னொரு செயலி தொடங்க எவ்வளவு நாளாகும்? மருத்துவருக்கோ ஒரு பக்கம் மருத்துவக் கவுன்சில், ஒரு பக்கம் நுகர்வோர் ஆணையம். நோயாளி இறந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் 2 ஆண்டு வரை சிறை. ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம், சாதாரணக் கவனக்குறைவு வேறு, குற்றமாகிற அளவுக்கு மோசமான கவனக்குறைவு வேறு என்று பிரித்துச் சொன்னது உண்மைதான். முகம் பார்க்காமல், மணிக்கு நாற்பது சீட்டுக்கு ஒப்புதல் கொடுத்தது இதில் எந்தப் பக்கம் விழும்?

மகாராஷ்டிரத்தின் ரத்னகிரியில் 2018 பிப்ரவரியில் சிசேரியன் முடிந்து வீடு திரும்பிய பெண்ணுக்கு உடல்நிலை மோசமானது. மருத்துவத் தம்பதி ஊரில் இல்லை. போனிலேயே மருந்து சொன்னார்கள். பொறுப்பாகப் பார்க்க வேறு டாக்டர் இல்லாத அவர்களது மருத்துவமனையிலேயே மீண்டும் சேர்க்கப்பட்டார். இறந்துபோனார். ஜூலையில் மும்பை உயர் நீதிமன்றம் அந்தத் தம்பதிக்கு முன்ஜாமீன் மறுத்தது. இதை டாக்டர்களுக்கு நேர்ந்த அநியாயம் என்று என்னால் பார்க்க முடியவில்லை. செத்தவள் பிள்ளை பெற்றுச் சில நாட்களே ஆன பெண். ஆனால் அங்கே மருத்துவமனையும் அவர்களுடையது, முடிவும் அவர்களுடையது. மேற்பார்வை மருத்துவருக்கு எதிர்முனை ஊழியரைத் தேர்ந்தெடுக்க உரிமையில்லை, படிவத்தில் ஒரு கேள்வியைச் சேர்க்க உரிமையில்லை. பொறுப்பு மட்டும் முழுசாக அவருக்கு.

மேல்மலையனூர்ப் பக்கத்துப் பெண் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் மாறி முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதைவிட, துணை சுகாதார நிலையத்தில் இ-சஞ்சீவனி வழியாக டாக்டரிடம் பேசுவது நல்லதில்லையா என்பார்கள். நல்லதுதான். தொலைமருத்துவத்தை மூடச் சொல்ல நான் இதை எழுதவில்லை. அங்கும் ஏதாவது நடந்துவிட்டால் ‘டாக்டர் சொன்னாங்க’ என்று செவிலியரும் ‘நர்ஸ் அதைச் சொல்லவே இல்லை’ என்று டாக்டரும் எதிரெதிரே நிற்க வேண்டிவரும். பாதியில் அறுந்த நெட்வொர்க்கை யாரும் கூண்டில் ஏற்ற மாட்டார்கள். இருந்தாலும் அரசு என்றொரு முதலாளி அங்கே கண்ணுக்காவது தெரிகிறார்.

திண்டிவனத்து டாக்டர் சில திருத்தங்கள் கேட்டு எழுதினார். இப்போதைக்கு இடமில்லை என்று பதில் வந்தது. இரண்டாவது வாரமே அதே வேலைக்கு விளம்பரம், பெண் மருத்துவர்களுக்கு முன்னுரிமையோடு.

இதைப் படிக்கும் மாணவிகளில் சிலருடைய அக்காவோ தங்கையோ மருத்துவம் படித்துக்கொண்டிருக்கலாம். அவர்களிடம் சொல்லுங்கள்: ஆலோசனையை எந்தக் கட்டத்திலும் நிறுத்திவிட்டு நேரில் வரச் சொல்லும் உரிமையை நெறிமுறைகளே மருத்துவருக்குத் தருகின்றன. அதைப் பயன்படுத்தினால் சம்பளம் குறையாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். மணிக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பு, நிறுவனம் கட்டும் காப்பீடு, ஒவ்வொரு ஆலோசனைப் பதிவுக்கும் ஒரு நகல். இவை இல்லாத தாளில் கையெழுத்துப் போடக் கூடாது. தனியொருத்தி கேட்டால் என்ன பதில் வரும் என்று பார்த்தோம். ஆகவே மருத்துவச் சங்கங்கள் கேட்கட்டும். பதிவு எண்ணை வைத்துச் சம்பாதிக்கிறவரையும் வழக்கில் கூட்டுப் பொறுப்பாளியாக்கும் விதியை எழுத வேண்டியது தேசிய மருத்துவ ஆணையமும் ஒன்றிய அரசும்.