டி.வி.யில் மரணக் காட்சி? விளம்பரத்தில் மறைந்து போன 11 வருட போராட்டம்

லண்டன்: ஒரு மனுஷன் உயிர் பிரிவதை டி.வி.யில் காட்டினால்தான் மறதி நோய் பற்றி ஜனங்களுக்குப் புரியுமா? 2007-ல் இங்கிலாந்தில் இந்தப் பிரச்சினைதான் பெரும் பரபரப்பைக் கிளப்பியது.

மால்கம் பாயின்டன் பியானோ கலைஞர். 51 வயதிலேயே அவரை 'அல்சைமர்' என்ற மறதி நோய் தாக்கியது. இயக்குனர் பால் வாட்சன் அவரையும் மனைவி பார்பராவையும் 11 வருடம் படம் பிடித்தார். முதல் படம் 1999-ல் வந்தது. அடுத்த படம் 2007 ஆகஸ்டில் ஐ.டி.வி.யில் ஒளிபரப்பானது.

ஒளிபரப்புக்கு முன்பு, கடைசி மூச்சே படத்தில் இருக்கிறது என்று விளம்பரம் தடபுடலானது. ஆனால் கேமராவில் பதிவானது அவர் நினைவிழந்த நேரம்தான். இறந்தது சில நாள் கழித்து என்பது அம்பலமானது. டி.வி. நிறுவனமே விசாரணைக்கு ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று. தேவையா இது?

சாவைக் காட்டாமலே படத்தில் விஷயம் கொட்டிக் கிடந்தது. பியானோ வாசித்தவர் பேச்சு போய், நடமாட்டம் போய், எல்லாவற்றுக்கும் மனைவி கையையே நம்பிக் கிடந்தார். முழுசாக குணமாக்கும் மருந்து இன்றைக்கும் கிடையாது. பாரம் முழுக்க வீட்டில் இருப்பவர் தலையில்தான்.

அந்தச் செலவை ஏற்க அரசு மருத்துவத் துறை மறுத்தது. பார்பரா விடவில்லை. உடம்பை மட்டும் பார்த்து, மனநிலைத் தேவைகளைக் கணக்கில் எடுக்காமல் விட்டது தப்பு என்று 2003-ல் சுகாதாரத் துறை குறைதீர்ப்பு அதிகாரி தீர்ப்பு சொன்னார். 'பாயின்டன் வழக்கு' என்று அதைக் காட்டித்தான் பிறகு மற்ற குடும்பங்களும் அரசிடம் பணம் கேட்டன.